பழைய மடிக்கணினியில் பாதுகாப்பாக இணையம்

கேள்வி: 2012இல் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 7 உள்ளது, ரேம் 4 ஜிபி. வங்கியின் இணையதளம், பிரவுசர் பழையது என்று சொல்லி உள்ளே விட மறுக்கிறது. ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா, புதிய கணினிதான் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 7க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதில் இயங்கும் கடைசி குரோம், 109ஆம் பதிப்பு. பின்னர் தெரியவந்த ஓட்டைகள் அடைபடாமலேயே இருப்பதால், ஆன்டிவைரஸை மட்டும் நம்பி அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 உங்கள் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது.

விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின், பழைய கணினிக்கும் பளுவாகாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே உங்களுக்கு ஏற்றது என்பேன். அதைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, மூடித் திறந்தால் திரை மீள்கிறதா என்று பொறுமையாகச் சோதியுங்கள். நிறுவும்போது பழைய கோப்புகள் அழியக்கூடும் என்பதால், படங்களையும் ஆவணங்களையும் முன்பே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்தினால், வேகத்தில் பெரிய மாற்றம் அதில்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்த்தால் கனமான விளம்பரங்கள் ரேமைத் தின்பது குறையும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் உங்களுக்கு இன்றியமையாதது என்றால் மட்டும், பழைய விண்டோஸை இணையத் தொடர்பின்றி அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.