மலிவு எக்ஸ்ட்ராக்டரும் அந்தரத்தில் நிற்கும் குழாய்களும்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): என்னிடம் 90களில் வந்த 1.6 லிட்டர் ஜப்பானியக் கார் இருக்கிறது. இணையத்தில் மலிவாக ஒரு 4-2-1 எக்ஸ்ட்ராக்டர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் மேனிஃபோல்டு) வாங்கினேன். பழைய மேனிஃபோல்டில் ஆக்சிஜன் சென்சர், இஜிஆர் குழாய், ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்றை எடுத்துச் செல்லும் தகரக் கூடு மூன்றும் இருந்தன. புதியதில் ஒன்றுக்கும் இடமில்லை. "எல்லாத்தையும் அடைச்சிடலாம்" என்கிறார் பட்டறை ஃபோர்மேன். அடைக்காமல், ஹார்ட்வேர் கடையில் செம்புக் குழாய் வாங்கி நானே இணைத்துவிடலாமா?

பதில்: செம்பு வேண்டாம். எக்ஸ்ட்ராக்டரில் ஓடும் புகை, வண்டி பாரம் இழுக்கும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செம்புக் குழாயை ஒட்டும் ஈயப்பற்று அதற்கு வெகு முன்பே உருகிவிடும். செம்பு உருகாது, ஆனால் சூட்டில் இளகி, இன்ஜின் அதிர்வில் இணைப்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும். வெள்ளைத் துத்தநாகப் பூச்சு போட்ட ஜிஐ தண்ணீர்க் குழாயும் ஆகாது. அதை வெல்டிங் செய்தால் வரும் துத்தநாகப் புகையில் அன்றிரவே காய்ச்சல் வரும். பூச்சு எரிந்த இடத்தில் துரு பிடிக்கும்.

மூன்றில் தகரக் கூட்டை மட்டும் தாராளமாக விட்டுவிடலாம். குளிர் நாட்டில் காலையில் இன்ஜின் சீக்கிரம் சூடாக வைத்த ஏற்பாடு அது. நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியில் அந்தக் குழாய் நுழையும் வாயை மட்டும் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்ட்ராக்டரின் அனல் காற்றை இன்ஜின் உறிஞ்சும்.

இஜிஆரை அடைக்காதீர்கள். கொஞ்சம் புகையைத் திருப்பி உள்ளே விட்டு எரிப்புச் சூட்டைக் குறைப்பதுதான் அதன் வேலை. நைட்ரஜன் ஆக்சைடு குறைவது அதனால்தான். புகை வரும் என்று நம்பித்தான் இன்ஜின் கணினியான இசியுவில் தீப்பொறி நேரத்தை வகுத்திருப்பார்கள். அடைத்துவிட்டால் பாதி ஆக்சிலரேட்டரில் மேடு ஏறும்போது 'டிக் டிக்' என்று தட்டும் ஓசை கேட்கலாம். அந்த ஓசை பிஸ்டனுக்கு நல்லதல்ல.

மலிவாகச் செய்ய வழி இருக்கிறது. பழைய இஜிஆர் குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் நட்டைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப்போய், அதே மரையில் ஒரு இரும்பு பொருத்தி கடைந்து தரச் சொல்லுங்கள். நான்கு குழாய்களும் கூடும் இடத்துக்கு அருகே அதை வெல்டிங் செய்யலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது முக்கியம். நீளம் போதாவிட்டால் பழைய குழாயின் வெளிவிட்டத்திலேயே 304 ஸ்டெயின்லெஸ் குழாய் வாங்கி நீட்டுங்கள். நடுவில் ஒரு வளைவு விட்டால் சூட்டில் விரிவதை அது தாங்கிக்கொள்ளும். குழாயைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் இன்ஜினில் இருக்கட்டும், பாடியில் வேண்டாம். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டையும் கட்டிப்போட்டால் சில வாரங்களில் விரிசல் விழும். எக்ஸ்ட்ராக்டருக்கும் பின்குழாய்க்கும் நடுவே பின்னல் ஃபிளெக்ஸ் (வளையும் குழாய்) வைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆக்சிஜன் சென்சரில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒற்றைக் குழாயில் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதையைத்தான் அது சொல்லும். நான்கும் கூடிய பிறகு வையுங்கள். சென்சரின் தலை மேலே, முனை கீழே பார்த்து, படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் இருக்கட்டும். குழாயில் சேரும் தண்ணீர் முனையில் தேங்காது. உங்களுடையது ஒற்றை ஒயர் சென்சராக இருந்தால் இன்னொரு சிக்கல்: அதற்குள் ஹீட்டர் கிடையாது. முனை ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். கீழே தள்ளி வைத்தால் சிக்னலில் நிற்கும்போது ஆறிப்போகும். அப்படியானால் ஹீட்டர் உள்ள நான்கு ஒயர் சென்சருக்கு மாறி, சாவி திருப்பினால் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து ஃபியூஸ் வைத்து ஹீட்டருக்கு 12 வோல்ட் கொடுங்கள்.

சென்சர் மரை பெரும்பாலும் 18 மி.மீ., 1.5 பிட்ச். அதற்கான வளையம் தனியாகக் கிடைக்கும். வெல்டிங் செய்யும்போது மரை கோணாமல் இருக்க, பழுதான பழைய சென்சரையோ அதே அளவு போல்ட்டையோ உள்ளே முறுக்கி வையுங்கள். ஆறிய பிறகு கழற்றி, புதிய சென்சரைச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள்.

வெல்டிங்குக்கு ஒரு வரிசை உண்டு. எக்ஸ்ட்ராக்டரைக் காரிலேயே மாட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எல்லாப் பொருத்திகளையும் புள்ளி வைத்து மட்டும் பிடியுங்கள். பிறகு வெளியே எடுத்து, ஃபிளாஞ்சை (இன்ஜினோடு சேரும் தட்டையான விளிம்பை) ஒரு கனத்த தட்டிலோ பழைய சிலிண்டர் ஹெட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி, அதன் பின்தான் முழு வெல்டிங். இதைச் செய்யாவிட்டால் ஃபிளாஞ்ச் வளையும். நேர்க்கட்டை வைத்துப் பார்க்கும்போது 0.3 மி.மீ. ஃபீலர் தகடு உள்ளே போனால் கேஸ்கெட் தாங்காது, மட்டம் பிடிக்கக் கொடுங்கள். சிலிகான் பசையை எக்சாஸ்ட் பக்கம் கொண்டுவராதீர்கள். அது எரிந்துபோகும், சில வகைகளின் ஆவி சென்சரையே கெடுக்கும்.

சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இசியு அதை 'பெட்ரோல் குறைவு' என்று எடுத்துக்கொண்டு அதிகமாக ஊற்றும். "எக்ஸ்ட்ராக்டர் போட்டதிலிருந்து பெட்ரோல் குடிக்குது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோதிக்கச் செலவில்லை: இன்ஜின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் வாயைப் பின்குழாயில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. சில நாள் ஓட்டிய பின், இன்ஜின் ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். டாஷ்போர்டு பக்கம் கசிவு இருந்தால் விளையாட்டில்லை: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

வெப்பத் துணி சுற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சாதா இரும்புக்கு வேண்டாம். மழை ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். பழைய தகரக் கூட்டை வெட்டிப் பிரேக் குழாய்க்கும் ஒயருக்கும் மறைப்பாக மாட்டுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு): எக்ஸ்ட்ராக்டரை 'இலவசமாக'ப் பொருத்தித் தந்த கடை, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுவிட்டது. இப்போது செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பின் சென்சருக்கு ஒரு நீட்டுத் துண்டு போட்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: அந்த இலவசத்தின் விலையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழையதை நல்ல விலைக்கு எடுக்க ஆள் உண்டு. உடனே போய் உங்கள் பொருளைத் திரும்பக் கேளுங்கள். நீட்டுத் துண்டு சென்சரைப் புகையிலிருந்து தள்ளிவைத்து ஏமாற்றும் வேலைதான். வெளியே போகும் நச்சு குறையாது. சத்தமும் கூடியிருக்கும்; ஜேபிஜேயும் (சாலைப் போக்குவரத்துத் துறை) சுற்றுச்சூழல் துறையும் சாலைச் சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பழையது கிடைக்காவிட்டால், உங்கள் இன்ஜின் அளவுக்கு ஏற்ற பொதுவகைக் கன்வெர்ட்டரை வெல்டிங் செய்து, பின் சென்சரை அதற்குப் பின்னால் வையுங்கள். இனி எந்தப் பட்டறையானாலும் 'கழற்றிய பொருள் அனைத்தும் வாடிக்கையாளருக்கு' என்று பில்லில் எழுதச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கெப்போங், கோலாலம்பூர்): "அப்படியே மாட்டலாம்" என்று விளம்பரம் செய்த எக்ஸ்ட்ராக்டர் ஆயில் ஃபில்டரில் இடிக்கிறது. விற்றவர் பணம் தர மறுக்கிறார்.

பதில்: வெட்டவோ வெல்டிங் செய்யவோ இல்லையே? இல்லையென்றால் வழி இருக்கிறது. இடிக்கும் இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் விற்றவர் அழிப்பதற்கு முன் சேமித்துக்கொள்ளுங்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். இணைய விற்பனையும் அதற்குள் அடங்கும். தளத்தின் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முதலில் அங்கே புகார் செய்யுங்கள். பலிக்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆயில் ஃபில்டர் பக்கம் இடிக்கும் குழாயைச் சுத்தியலால் தட்டிப் பள்ளமாக்கச் சொல்லும் யோசனை வரும். தட்டிய நொடியே பொருள் உங்களுடையதாகிவிடும்.