மடக்குக் குடையும் ஆரியங்காவுக் காற்றும்

கேள்வி: தாத்தாவின் கறுப்புக் குடை முப்பது வருஷம் உழைத்தது. நான் வாங்கும் மூணு மடக்குக் குடை ஒரு சாரல் சீசன்கூடத் தாங்குவதில்லை. குடை வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? (புளியரை வாசகி)

பதில்: ஜூன், ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு குடையைத் திட்டுவது பாவம். செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் குடையும் புனல் மாதிரி மல்லாந்து, பக்கத்தில் நின்றவர் மேல் தண்ணீரைக் கொட்டி, வசவு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். மலையாளப் பக்கத்து ஓலைக்குடையை (ஓணத்துக்கு மாவேலி கையில் இப்போதும் அதுதான், செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் வரை நாமும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே) மடக்கவே முடியாது. ஐரோப்பியர்கள் மடக்கினார்கள், ஆனால் திமிங்கில வாயிலிருந்து எடுத்த தகட்டையும் பிரம்பையும் கம்பியாக வைத்ததால் நனைந்தால் ஒரே கனம். 1852இல் சாமுவேல் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் எஃகுக் கம்பியைக் கெட்டியாக விடாமல் வாய்க்கால் மாதிரி குழித்தார். எடை குறைந்தது, விறைப்பு குறையவில்லை. தாத்தா குடை இன்னும் இருந்தால் கம்பியைத் தடவிப் பாருங்கள், அந்தக் குழி விரலில் படும்.

அப்புறம் வந்த தொல்லை நீளம். நம் ஊர்ப் பெரியவர்கள் சட்டைக் காலரில் பின்பக்கம் மாட்டிக்கொண்டு கை வீசி நடந்தார்கள், அதற்குத்தான் அந்த வளைந்த பிடி தோதாக இருந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் ஹாப்ட் என்பவர் போரில் காயம்பட்டுக் கைத்தடி ஊன்றியவர், தடியோடு நீளக் குடையும் தூக்க முடியாமல் 1928 வாக்கில் குழாய்க்குள் குழாய் நுழையும் தண்டோடு சின்னக் குடை செய்தார். அந்த வழியில் வந்ததுதான் உங்கள் மூணு மடக்கு, இப்போது ஐந்து மடக்கும் கிடைக்கிறது. மடக்குக்கு ஒரு மூட்டு, மூட்டுக்கு ஒரு பொடி ஆணி, இப்படி எட்டுக் கம்பியிலும். காற்று அடியில் புகுந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த மூட்டுதான். கைப்பையில் அடங்க வேண்டும் என்று கேட்டோம், செய்து கொடுத்தார்கள்; புளியரைக் காற்றைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஃபைபர் கம்பி போட்ட நீளக் குடை. வளையும், திரும்பி வரும். மல்லாந்தால் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், மூடுவது போலத் தண்டு வளையத்தைக் கீழே இழுங்கள், பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

கேள்வி: கோலி சோடா பாட்டிலுக்குள் கோலியை எப்படிப் போட்டார்கள் என்று மகன் கேட்கிறான். (தென்காசி வாசகர்)

பதில்: கழுத்தை நெருக்குவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். 1872இல் ஹிராம் காட் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும், தனி மூடி வேண்டாம். கழுத்தில் இரண்டு அமுங்கல் இருக்கிறதே, அது கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்துக் குடிக்கச் சொல்லுங்கள், கோலி அதில் தட்டி நின்றுகொள்ளும். மாற்றிச் சாய்த்தால் வாயை அடைத்துக்கொண்டு சோடா வராது.

கேள்வி: ஸ்டீல் டம்ளருக்கு வெளியே வளைந்த விளிம்பு எதற்கு? (பண்பொழி வாசகி)

பதில்: தகட்டின் ஓரம் உதட்டைக் கீறாமல் இருக்க, கொதிக்கும் காப்பியை விரல் நுனியால் தூக்க. சந்தேகம் இருந்தால் கேரளத்துத் தென்மலையில் இறங்கி, விளிம்பில்லாத கண்ணாடி கிளாசில் ஆவி பறக்கும் சாயா ஒன்று கையில் வாங்கிப் பாருங்கள்.