பேண்ட்கேம்பில் உள்ளூர் ரசிகர்கள் பணம் கட்ட முடியாவிட்டால்

வணக்கம் நண்பரே. ஐந்து பாட்டு ஆல்பத்தை, இசைக்கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாடல் விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் ஏற்றியும் கோவை, சென்னை ரசிகர்களால் வாங்க முடியவில்லை, பணம் கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு உங்கள் பக்கம் இல்லை. அங்கே விற்கும் பணம் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது. பேபாலோ 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணம் மட்டும் வரும்.

அதற்காகப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். ஆல்பத்துக்கு டவுன்லோடு கோடு (பாட்டை இறக்கிக்கொள்ள உதவும் குறியீடு) எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. இங்குள்ளவர்கள் ஜிபேயில் அனுப்பட்டும், நீங்கள் ஒரு கோடை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். அதை பேண்ட்கேம்பில் போட்டால் எம்பி3, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் என எந்த வடிவம் வேண்டுமோ அதில் இறங்கிவிடும். ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும், யாருக்கு எது போனது என்று குறித்து வையுங்கள். கச்சேரி முடிந்ததும் சின்ன அட்டையில் அச்சடித்தும் விற்கலாம். கேட்டு உருகிய கையோடு வாங்குவார்கள். இதில் முழுப் பணமும் உங்களுக்கே. பேண்ட்கேம்பில் நேரடியாக விற்றால் 15 சதவீதம் அவர்களுக்குப் போகும்.

அப்புறம், தயவுசெய்து இலவசமாக மட்டும் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச விலை வைத்து, விரும்பினால் கூடுதலாகத் தரலாம் என்பதையும் திறந்து வையுங்கள். மனமுவந்து அதிகம் தருகிற ரசிகர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.