வெல்ல முடியாது என்று தெரிந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 அமெரிக்க அதிபர் தேர்தலையொட்டி ஜனநாயகக் கட்சி நடத்திய முதல் விவாதத்தின் காணொளியை அண்மையில் பார்த்தேன். ஒரே மேடை கொள்ளாது என்று இருபது பேரை இரண்டு இரவுகளாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். தாங்கள் வெல்லப்போவதில்லை என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். பிறகு ஏன் எளிய மக்களிடம் நன்கொடை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்? விளம்பர ஆசையைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விளம்பரத்துக்காக நிற்பவர்கள் உண்டு. அடுத்த ஆட்சியில் ஒரு பதவி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் ஷெர்லி சிஷோம்.

1968-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். 1972 ஜனவரி 25 அன்று, புரூக்ளினில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நின்று, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். தான் கறுப்பினத்தவள் என்பதில் பெருமை உண்டு, ஆயினும் கறுப்பின மக்களின் வேட்பாளர் அல்ல; பெண் என்பதிலும் அதே அளவு பெருமை உண்டு, ஆயினும் பெண்கள் இயக்கத்தின் வேட்பாளர் அல்ல; அமெரிக்க மக்களின் வேட்பாளர் என்றார். கறுப்பினத் தலைவர்களிலும் பெண்ணியத் தலைவர்களிலும் பலர் அவருக்குத் துணை நிற்கவில்லை. தொலைக்காட்சியில் மற்ற வேட்பாளர்களுக்குக் கிடைத்த நேரத்தைச் சட்டப் போராட்டம் நடத்தித்தான் அவர் பெற வேண்டியிருந்தது. கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மயாமி பீச் நகரில் கூடிய மாநாட்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் வேட்பாளரானபோது, மாநிலங்களிலிருந்து வந்த மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ 152 பேரின் வாக்குகள் சிஷோமுக்கு விழுந்தன. யாராவது ஒருவர் முதலில் செய்தாக வேண்டியிருந்தது, அதனால் நின்றேன் என்று அவர் பின்னாளில் எழுதினார். அந்தச் சொல்லை நான் முழுமையாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் தோற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. அவர் திரட்டிய மாநாட்டுப் பிரதிநிதிகள் அவர் பக்கம் இருக்கிறார்கள். வெற்றி பெற்றவருக்கோ நவம்பர் தேர்தலில் அவருடைய ஆதரவாளர்களின் வாக்குகள் தேவைப்படுகின்றன. பேரம் பேசும் வலிமை அங்கேதான் பிறக்கிறது. அதை மிகத் தெளிவாகப் பயன்படுத்தியவர் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். 1988-இல் உட்கட்சித் தேர்தலில் ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள் பெற்றும் மைக்கேல் டுகாகிஸிடம் தோற்ற அவர், வாக்கு விகிதத்துக்கு ஏற்பவே பிரதிநிதிகளைப் பங்கிட வேண்டும் என்று வற்புறுத்தி, கட்சியின் விதியை மாற்ற வைத்தார். வென்றவருக்கே பெரும்பங்கு என்று சில மாநிலங்களில் இருந்த முறைகள் அதன்பின் ஒழிந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், கலிஃபோர்னியாவின் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் வென்றார். ஆனால் அவருக்கு 204 பிரதிநிதிகள் கிடைத்தபோது, அங்கே தோற்ற பராக் ஒபாமாவுக்கும் 166 பேர் கிடைத்தார்கள். பெரிய மாநிலங்கள் பலவற்றை இழந்தும் ஒபாமா வேட்பாளராக முடிந்ததில் அந்த விதிக்குப் பெரும் பங்குண்டு.

எளியவர்களின் நன்கொடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நியாயமான கவலைதான். பணத்தை மட்டுமின்றித் தங்கள் மாதங்களையும் உழைப்பையும் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1972-இல் கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் பார்பரா லீ என்றொரு மாணவி படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய். அதுவரை அவர் தன் பெயரை வாக்காளர் பட்டியலில்கூடப் பதிந்திருக்கவில்லை. முதலில் பதிந்துகொள் என்று சிஷோம் சொன்னார். லீ பதிந்துகொண்டு, சிஷோமின் பிரசாரத்தில் வேலை செய்து, மயாமி மாநாட்டுக்கும் போனார். 1998-இல் அவரே பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 2001 செப்டம்பரில், போர் தொடுக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளிக்கும் தீர்மானத்தை அந்தச் சபையில் 420 பேர் ஆதரித்தபோது, எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு பார்பரா லீயுடையது.