பிள்ளையை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

வணக்கம். எங்கள் தெருவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தந்தை விட்டுச் சென்றுவிட்டார். தாய் இரவில் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுகிறார். மனம் பொறுக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தேன். இருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

ஒரு வாசகி, வடசென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அழைத்தது சரி. (உங்கள் தெருவின் பெயரை நீக்கியிருக்கிறேன், இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது.)

பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கும் அதிகாரம் வந்தவர்களுக்கு இல்லை. அழைத்துச் சென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவே உத்தரவிடும். அதற்கான சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் முதல் நாள் வாசலில் நிற்கும் சமூகப் பணியாளருக்கு அத்தனை நாள் இல்லை. இன்றிரவு இந்தப் பிள்ளைக்கு ஆபத்து உண்டா, உண்டென்றால் தாயிடமிருந்து பிரிக்காமலே அதை நீக்க வழியுண்டா என்பதை அங்கேயே அவர் கணித்தாக வேண்டும்.

பதினோரு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். உடம்பில் காயத் தழும்பு இருக்கிறதா, பள்ளி நோட்டில் நேற்றைய பாடம் எழுதப்பட்டிருக்கிறதா, பதில் சொல்லுமுன் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறதா என்றெல்லாம் கவனிப்போம். இவற்றில் எதையும் தனியாக நம்ப முடியாது; அடி வாங்கும் பிள்ளையும் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவேதான் பிள்ளையிடம் தனியாகவும், ஆசிரியரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து, சொல்லாமல் மறுபடியும் ஒருமுறை போகிறோம்.

ஒருமுறை, காலியாகக் கிடந்த அரிசிப் பானையையும் கிழிந்த பாயையும் பார்த்துவிட்டு, ‘பராமரிப்பு இல்லை’ என்று அறிக்கை எழுதினேன். அந்தச் சிறுமி மூன்று மாதம் இல்லத்தில் இருந்தாள். பார்க்கப் போனபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பிக்கு யாருக்கா தலை வாரி விடுறாங்க?” அவள் தாயின் வறுமையை நான் அலட்சியம் என்று எழுதியிருந்தேன். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதற்காக, பூட்டிய கதவை யாரும் ஏற்க முடியாது. உள்ளே தீப்பிடித்தால் அந்தப் பிள்ளை எப்படி வெளியே வருவான்? பூட்டுக்கு மாற்றுவழி எதுவும் செய்யாமல் அவர்கள் திரும்பியிருந்தால் அது பெரும் பிழை. பூட்டு இன்னும் தொங்கினால் இன்றே மறுபடி 1098-க்கு அழையுங்கள். கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் அவர் பகல் வேலைக்கு மாறவும் கூடும்.

அதுவரை இரவில் அவன் எங்கே படுப்பான் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் எங்கள் முடிவு, நம்பத்தகுந்த அண்டை வீட்டார் ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் வந்து நிற்கும். உங்களால் முடியுமென்றால், அந்தத் தாயிடம் நீங்களே போய்ப் பேசிப் பாருங்கள்.