மிச்சம் நிற்கும் ஜோடியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி-பதில்: விளையாட்டுச் சாமான் மாறினால், திருடு போனால்

கேள்வி: என் மகன் ஜனவரியில் நண்பர்களோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறான். பனிச்சறுக்குப் பழக அங்கேயே ஸ்கீ (காலில் மாட்டும் நீளப் பலகை ஜோடி) வாடகைக்கு எடுப்பார்களாம். சாப்பிட உள்ளே போய்த் திரும்புவதற்குள் வெளியே வைத்த ஜோடி காணாமல் போய்விடும், முன்பணமும் திரும்ப வராது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன சொல்லி அனுப்பலாம்?
(ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: கோயில் வாசலில் செருப்பு மாறிப் போவது உங்கள் ஊரில் புதிதல்ல. பனிமலையிலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. திருட்டு உண்டு, ஆனால் வாடகை ஸ்கீயைப் பொறுத்தவரை முதலில் சந்தேகப்பட வேண்டியது மாறாட்டத்தை. ஒரே கடை ஒரே நிறத்தில் ஒரே மாடலை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பசி தீர்ந்த நிதானத்தில் வெளியே வருகிறவர் குனிந்து எண்ணைப் பார்ப்பதில்லை. கைக்கு வந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கடையில் ஸ்கீயைக் கையில் கொடுத்ததும் நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள்: ஸ்கீயின் மேல் கடைக்காரர் ஒட்டியிருக்கும் எண், ஸ்கீயின் பக்கவாட்டிலோ மேற்பரப்பிலோ பைண்டிங் (காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பு) அருகே பொறித்திருக்கும் தொடர் எண், ஸ்கீ பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் இருக்கும் அடிநீள எண், கடைக்காரரின் ரசீது. ரசீதில் ஸ்கீ எண்ணும் முன்பணத் தொகையும் கடையின் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அசல் ஆதார் அட்டையை அடகு மாதிரி விட்டுவிட்டு வரக் கூடாது. நகல் போதும் என்று கேளுங்கள், ஒப்பவில்லையென்றால் கூடுதல் முன்பணம் கட்டலாம். ஸ்கீ தொலைந்த அன்று அசல் அடையாள அட்டையும் கடைக்காரர் கையில் இருந்தால் பேரம் பேச உங்கள் பக்கம் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். குழுவில் ஒருவரிடமாவது அது இல்லையென்றால், ஸ்கீ காணாமல் போனதும் கடைக்குத் தகவல் சொல்லக்கூட வழியிருக்காது. கடுங்குளிரில் போன் பேட்டரியும் சட்டென்று இறங்கும். போனை உள் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைக்கட்டும்.

சாப்பிடப் போகும்போது எளிய தந்திரம் ஒன்று உண்டு, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இரண்டு நண்பர்கள் ஜோடியைப் பிரித்துக்கொள்வது. இவனுடைய ஒற்றை ஸ்கீயும் அவனுடைய ஒற்றை ஸ்கீயும் ஒரு தாங்கியில், மிச்ச இரண்டும் பத்தடி தள்ளி வேறொரு தாங்கியில். பொருந்தாத ஜோடியைத் திருடன் எடுக்க மாட்டான், தவறி எடுப்பவரும் இரண்டடி நடப்பதற்குள் உணர்ந்துவிடுவார். தனியாகப் போகிறவர் சுருள் கம்பிப் பூட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த மெல்லிய கம்பி கட்டிங் பிளேயருக்கு நிற்காது, ஆனால் மாறாட்டத்தைத் தடுக்கப் போதும். கைப்பிடிக் கோல்கள்தான் அதிகம் மாறும், அவற்றின் வாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

அப்படியும் காணோம் என்றால் அங்கேயே நிற்க வேண்டும். தாங்கியில் யாரும் எடுக்காமல் மிச்சம் நிற்கும், உங்களுடையதைப் போன்ற ஜோடியைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் ஜோடி யாரிடம் போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் துப்பு கிடையாது. அதன் மேல் இருக்கும் கடை எண்ணைப் படமெடுத்து அந்தக் கடைக்குப் பேசினால், வாடகைக்கு எடுத்தவர் யார் என்று பதிவேட்டில் தெரிந்துவிடும். லிப்ட் நிலையத்திலும் சொல்லி வைக்க வேண்டும், லிப்ட் மூடும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். மாற்றி எடுத்தவர் மாலையில் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பெரும்பாலும் விஷயம் வெளிவரும்.

ஆனால் மிச்சம் நிற்கும் ஜோடியை மாட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. இது பணத்தைவிடப் பெரிய விஷயம். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் இவற்றை வைத்துத் திருகி வைத்திருப்பார்கள். 90 கிலோ ஆளுக்கு வைத்த பைண்டிங் 55 கிலோ பையன் விழும்போது விடாது, முழங்கால் தசைநாரோ கணைக்கால் எலும்போ போய்விடும். தலைகீழாக இருந்தால் ஓடும்போதே கழன்றுகொள்ளும். பூட் சொடக்கென்று உட்கார மறுத்தால் அடியில் பனி ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். சுரண்டியும் உட்காரவில்லையென்றால் அது வேறொருவர் ஸ்கீயாக இருக்கலாம், எண்ணைப் பார்க்கட்டும்.

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி திருச்சியில் வந்து இறங்கினான். அவனுடைய நீளமான ஸ்கீ பை மட்டும் வரவில்லை. "வீட்டுக்குப் போங்கள், வந்தால் கூப்பிடுகிறோம்" என்றார்கள். நம்பலாமா?
(மயிலாடுதுறை வாசகர்)

பதில்: வாய்வார்த்தையை நம்பிக் கிளம்பக் கூடாது. நீளமான பைகள் பல விமான நிலையங்களில் வழக்கமான பெல்ட்டில் வராது, தனி வாயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் அங்கே பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் பி.ஐ.ஆர். எனப்படும் சாமான் குறைபாட்டு அறிக்கையை எழுதி வாங்க வேண்டும். அதில் ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். அது இல்லாத புகார் காற்றில் போன புகார்.

பன்னாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். பை வந்து, உள்ளே உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வராத பையைத் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்கு போட 2 ஆண்டு வரை காலம் உண்டு. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இது தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல, ரசீது காட்டி நிரூபித்த அளவுக்குத்தான். அதனால் வாங்கிய பில், உள்ளே அடுக்கியபோது எடுத்த படம், பையில் ஒட்டிய சீட்டின் அடிக்கட்டை மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஸ்கீ பூட்ஸை மட்டும் இனி கைப்பையில் எடுத்துவரச் சொல்லுங்கள். ஸ்கீ தொலைந்தால் வாடகைக்குக் கிடைக்கும், காலுக்கு அச்சு வார்த்த பூட் கிடைக்காது.

கேள்வி: சம்பா அறுப்பு முடிந்து நடந்த டோர்னமென்ட்டில் என் இங்கிலீஷ் வில்லோ பேட் காணாமல் போய்விட்டது. மோட்டார் கொட்டகை ஓரம் எல்லா டீம் பையும் ஒன்றாகத்தான் கிடந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு பையன் கையில் அதே பேட், ஸ்டிக்கரும் கிரிப்பும் வேறு. என்னுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது?
(கல்லூரி மாணவர், மன்னார்குடி)

பதில்: ஸ்டிக்கரைப் பத்து நிமிடத்தில் உரித்துவிடலாம், கிரிப்பை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். எடையும் சாட்சி சொல்லாது, ஒரு ரப்பர் கிரிப்பே சுமார் 50 கிராம் இருக்கும். இரண்டு கிரிப் போட்டிருந்த பேட்டில் ஒன்றைக் கழற்றினால் தராசு வேறு கணக்குச் சொல்லும். மாற்ற முடியாதது மரம்தான். பேட்டின் முகத்தில் மேலிருந்து கீழே ஓடும் கோடுகளை எண்ணுங்கள். எத்தனை கோடு, எந்தக் கோடு எங்கே வளைகிறது, பழுப்புக் கறை எந்த ஓரத்தில், கைப்பிடி மரத்தோடு சேரும் முக்கோண இணைப்பில் கோடு எப்படி வெட்டுப்படுகிறது என்பதெல்லாம் கைரேகை மாதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் கோடு போகாது, இன்னும் தெளிவாகத்தான் தெரியும். பேட் வாங்கிய நாளில் ஸ்டிக்கர் தெரிய எடுத்த படம் ஏதாவது இருக்கும், பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்டநாயகன் பரிசோடு எடுத்த படம்கூட உதவும்.

இனி வாங்கும் பேட்டுக்கு: காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி வைத்து முகம், முதுகு, இரண்டு ஓரம், அடிப்பகுதி என்று ஐந்து படம். கிரிப்பைச் சுருட்டி ஏற்றி, கைப்பிடியில் சுற்றிய நூலின் மேல் பால்பாயின்ட் பேனாவால் பெயர், ஊர். மை நூலுக்குள் இறங்கிவிடும். கைப்பிடியின் உச்சியில் பிரம்புத் துண்டுகள் ஒட்டிய விதம் தெரியும், அதையும் ஒரு படம். சூட்டுக்கோல் வைத்துப் பெயர் பொறிப்பது வேண்டாம், வில்லோ மென்மையான மரம், சுட்ட இடத்தில் பிளவு தொடங்கும்.

அந்தப் பையனிடம் போய்ச் சட்டையைப் பிடிக்காதீர்கள். அவன் காசு கொடுத்து வாங்கியவனாக இருக்கலாம். உங்கள் கேப்டன் அவன் கேப்டனிடம் பேசட்டும், படங்களோடு. அதில் முடியாவிட்டால் காவல் நிலையம். திருட்டுக்கு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு. பேட்டின் மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழா மேலா என்பதை பில்லோடு எழுதுங்கள். ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டில், முதல்முறை குற்றவாளி பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. சின்னப் பையன்கள் விஷயத்தில் இது இரு தரப்புக்கும் நல்ல வழி என்பது எங்கள் எண்ணம்.

நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, முதல் தகவல் அறிக்கை அல்ல. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி, ஐயாயிரமோ அதற்கு மேலோ மதிப்புள்ள திருட்டுக்கு எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சலில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பேட்டைப் போலீஸ் கைப்பற்றினால் அது நீதிமன்றப் பொறுப்புக்குப் போய்விடும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவில் மனு போடலாம்.

கேள்வி: எதிர் டீம் கிளம்பிய பிறகுதான் எங்கள் கீப்பிங் கிளவுஸ் இல்லை என்று தெரிந்தது. உடனே என்ன செய்வது?
(திருவாரூர் வாசகர்)

பதில்: அவர்கள் ஏறிய குட்டி யானை ஊர் போய்ச் சேர்வதற்குள் கேப்டனைக் கூப்பிடுங்கள். "திருடிவிட்டீர்கள்" என்ற சொல் வாயில் வர வேண்டாம். "உங்கள் பையில் எங்கள் கிளவுஸ் கலந்திருக்கும்போல, வண்டியை நிறுத்தி ஒருமுறை பாருங்கள்" என்றால் போதும். வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பையாகப் பிரிந்த பிறகு தேடுவது கஷ்டம். உங்கள் குவியலில் அவர்கள் சாமான் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்றும் பாருங்கள், குல்மார்க் கணக்குத்தான் இங்கேயும்.

கேள்வி: ஷட்டில் ஹாலில் ஒரே மாடல் ராக்கெட் இரண்டு. "இது என்னுடையது" என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். எப்படித் தீர்ப்பது?
(பயிற்சியாளர், தஞ்சாவூர்)

பதில்: நல்ல நிறுவன ராக்கெட்டில் கைப்பிடிக்கு மேலே இருக்கும் கூம்புப் பகுதியில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். பில்லிலோ பழைய படத்திலோ அது இருந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் நரம்பைப் பாருங்கள். நரம்பின் நிறம், இரண்டு முடிச்சா நான்கு முடிச்சா, முடிச்சு எந்தத் துளையில் விழுந்திருக்கிறது, மாற்றிய கிராமெட் (நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழல்) உண்டா என்று இருவரையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் நரம்பு போட்டவரிடம் கொண்டுபோங்கள். தன் கை முடிச்சு அவருக்குத் தெரியும். இனி பிள்ளைகள் ஓவர் கிரிப்பை மாற்றும்போது, உள்ளே மரக் கைப்பிடியில் பெற்றோரின் போன் எண்ணை எழுத வையுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து திரும்பும் இரவு ரயிலில் மகளின் ஹாக்கி கிட் பை போய்விட்டது. காலையில் இறங்கும்போதுதான் பார்த்தோம். ரயில்வே பணம் தருமா?
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: கட்டணம் கட்டி ரசீது வாங்கிப் பதிந்த சாமானுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. கூடவே வைத்திருந்த பைக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ போனது என்று நிரூபித்தால் மட்டும் கேட்கலாம், ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு அப்படி. ஆனால் புகார் கொடுங்கள். ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடமோ 139 எண்ணிலோ சொல்லலாம், இறங்கியிருந்தால் இருப்புப்பாதைக் காவல் நிலையம். யாராவது தவறி இறக்கிவிட்டு பிளாட்பாரத்தில் விட்டிருந்தால் ரயில்வே பாதுகாப்புப் படை எடுத்து வைத்திருக்கும். கண்டெடுத்த சாமான்களின் படங்களை மண்டலவாரியாக ரயில்வே இணையதளத்தில் போடுகிறார்கள், ஒரு வாரம் பார்த்து வாருங்கள்.

கேள்வி: சிலம்ப வகுப்பில் எல்லாக் கம்பும் ஒரே மாதிரி. பிள்ளைகள் தினமும் சண்டை.
(ஒரு தந்தை, பாபநாசம்)

பதில்: பெயிண்ட் நாலு நாள் சுற்றினால் உதிர்ந்துவிடும். கணுவை அளந்து வையுங்கள். அடிமுனையிலிருந்து முதல் கணு எத்தனை அங்குலம், அடுத்தது எத்தனை என்று மூன்று கணுவை நோட்டில் குறித்தால் போதும். ஒரு கம்பின் இடைவெளி இன்னொன்றுக்கு அப்படியே அமைவது அரிது.