‘மினி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சிறியது. மினி பஸ், மினி டிபன், சாம்பாரில் முங்கிக் கிடக்கும் மினி இட்லி. பிறப்புதான் வேடிக்கையானது. மினிமம், மைனர், மைனஸ் எல்லாம் பிறந்த வீட்டில்தான் இதுவும் பிறந்திருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அகராதியைப் புரட்டிய பிறகுதான் அது தத்துப்பிள்ளை என்று தெரிந்தது.

மினியேச்சர் என்ற சொல்லை நறுக்கியதில் கிடைத்த துண்டுதான் மினி. அந்த மினியேச்சரின் வேரில் இருப்பது மினியம் என்ற லத்தீன் சொல். அதற்கும் அளவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஒரு சிவப்புச் சாயத்தின் பெயர்! ஈயச் செந்தூரம் என்கிறோமே, துருப் பிடிக்காமல் இருக்க இரும்பில் பூசிவந்த அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பு, அதுதான்.

அச்சு வராத காலத்தில் ஐரோப்பிய மடாலயங்களில் தோலில் கையால் நூல் எழுதினார்கள். பத்தியின் முதலெழுத்தையும் தலைப்பையும் இந்தச் சாயத்தால் தீட்டுவார்கள். அப்படித் தீட்டுவதற்கு லத்தீனில் மினியாரே என்று பெயர். நாளடைவில் முதலெழுத்தின் வயிற்றுக்குள் புனிதர், பறவை, கொடி என்று ஓவியங்களும் புகுந்தன. அந்த ஓவியத்தை இத்தாலியர் மினியதூரா என்றார்கள். நீலமும் பொன்னும் சேர்ந்த பிறகும் பெயர் மட்டும் சிவப்பாகவே நின்றது.

ஏட்டின் ஓரத்துக்குள் அடங்க வேண்டிய ஓவியம் சிறியதாகத்தானே இருக்கும்? காதுக்கு மினிமம் போலவும் ஒலிக்கிறது. பார்த்தவர்கள் ‘சிறியது’ என்றே பொருள் கொண்டுவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலாம் எலிசபெத்தின் ஓவியர் நிக்கலஸ் ஹில்லியர்ட் உள்ளங்கையில் அடங்கும் உருவப்படங்களை வரைந்துகொண்டிருந்த காலம் அது. அத்தகைய படங்களுக்கும் பிற்பாடு இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நறுக்கிய ‘மினி’யை உலகெங்கும் கொண்டுபோனது ஒரு கார். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால், குறைவாகக் குடிக்கும் சின்னக் கார் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959இல் வந்தது. நீளம் சுமார் 10 அடிதான். மினி ஸ்கர்ட் 1960களில் வந்தது.

இன்னொன்று. மினஸ்க்யூல் என்ற சொல்லும் மிகச் சிறியது என்றுதான் பொருள்படும். அது மைனஸ் வீட்டின் சொந்தப் பிள்ளை. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘என்’னுக்குப் பின் ‘யு’ வர வேண்டும். மினியின் நினைப்பில் பாதிப் பேர் அங்கே ‘ஐ’ போட்டு எழுதுகிறார்கள். தத்துப்பிள்ளையைப் பார்த்து சொந்தப் பிள்ளையின் பெயரைத் திருத்தும் அந்த வேலையை நானும் பல வருடம் செய்திருக்கிறேன்.